தொலைதூர விமானப் பயணம்: தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடுவது எப்படி?

“விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?” என்று யாராவது கேட்டால், “போகவா, வரவா?” என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். தூரம் ஒன்றுதான், நேரம் இரண்டு. லாஸ் ஏஞ்சலஸ் – டோக்கியோ நரிடா தடத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

தூரத்தைத் தட்டையான வரைபடத்தில் அளக்காதீர்கள். இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், வடக்கே 34, 36 டிகிரியில் இருக்கின்றன. நேராக மேற்கே போனால் போதும் என்றுதான் தோன்றும். அப்படிப் போனால் சுமார் 9,200 கி.மீ. ஆகும். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறி, 48 டிகிரியைத் தொட்டு இறங்கும். அந்த வழியில் சுமார் 8,800 கி.மீ.தான். பெருவட்டத் தூரம் என்பது இதுதான். நூல் இல்லையென்றால் கூகுள் எர்த்தில் உள்ள அளவுகோல் போதும். ஊரின் நடுவிலிருந்து அளக்காமல் விமான நிலையத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள். டோக்கியோவுக்கு நரிடா, ஹனேடா என்று இரண்டு இருக்கின்றன. எண்ணை வேறெங்காவது பார்த்து எடுத்தால் அலகையும் கவனியுங்கள்: சாதாரண மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ.

அப்புறம் நேரம். கி.மீ. கணக்கை 900-ஆல் வகுத்து, ஓடுபாதைக்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி, முக்கால் மணி சேர்த்துக்கொள்வது என் வழக்கம். இங்கே பத்தேகால், பத்தரை மணி நேரம் வரும். ஆனால் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று இந்தக் கணக்கோடு விளையாடும். டோக்கியோ போக சுமார் பதினொன்றரை மணி, திரும்பி வர சுமார் பத்து மணி. குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். 2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது, புயல்காற்று பின்னாலிருந்து தள்ளியதால்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். அதை அப்படியே கழித்தால் குழப்பம்தான். இரண்டையும் யு.டி.சி.க்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிவிட்டுக் கழியுங்கள். கோடையில் லாஸ் ஏஞ்சலஸில் காலை 11 மணி என்றால் யு.டி.சி. 18:00. மறுநாள் டோக்கியோவில் பிற்பகல் 2:30 என்றால் யு.டி.சி. 05:30. ஆக, பதினொன்றரை மணி நேரம். திரும்பும்போது மாலை 5 மணிக்கு நரிடாவில் ஏறினால், அதே தேதி காலை 11 மணிக்கே லாஸ் ஏஞ்சலஸில் இறங்கிவிடலாம்! தேதிக்கோடு செய்யும் வேலை. குளிர்காலத்தில் அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், ஜப்பானில் அந்த வழக்கம் இல்லை. எனவே பயணத் தேதியை வைத்தே மாற்றுங்கள்.

பெருவட்டத் தூரம் மாறாமலேயே நேரம் எகிறுவதும் உண்டு. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சின்கி – டோக்கியோ பயணம், சுற்றிப் போக வேண்டியிருந்ததால், சுமார் 13 மணி ஆனது. அதனால் கணக்குப் போட்ட பிறகு, அதே விமானம் கடந்த சில நாட்களில் எவ்வளவு நேரம் பறந்தது என்று விமானங்களின் போக்கைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடையில் மாறிப் போவதாக இருந்தால் இரண்டு கட்டங்களையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, நடுவில் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.