தூரத்துக் கல்லூரி: பணம் கட்டும் முன் நாம் செய்யும் தவறுகள்

செங்கோட்டைப் பக்கம் ஜூன் வந்தால் சாரலும் கல்லூரிப் பேச்சும் சேர்ந்தே வரும். அக்கா பிள்ளைகள், தெருப் பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேருக்கு விண்ணப்பம் போட, கவுன்சலிங் பார்க்க, கூடப் போய்ச் சேர்த்துவிட்டு வர என்று நானும் அலைந்திருக்கிறேன். அதில் பார்த்த தவறுகளைத்தான் எழுதுகிறேன். தூரமாக அனுப்பாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, நல்ல கல்லூரியும் பிள்ளைக்குப் பிடித்த படிப்பும் கிடைத்தால் எவ்வளவு தூரமானாலும் அனுப்பத்தான் வேண்டும். ஆனால் ஃபீஸ் கணக்கை இன்றைக்கும் பயணக் கணக்கைப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்த பிறகும் போடுகிறோம் பாருங்கள், அங்கேதான் அடி விழுகிறது. இரண்டையும் ஒரே நோட்டில், பணம் கட்டுவதற்கு முந்தின நாளே போட வேண்டும்.

எல்லைப்பக்கம் இருக்கிற நமக்கென்றே ஒரு தவறு உண்டு. "கேரளாதானே, மலைக்கு அந்தப் பக்கம்தானே" என்பது. கொல்லமும் புனலூரும் அந்தப் பக்கம்தான், காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் கேரள மத்திய பல்கலைக்கழகம் இருப்பது காசர்கோடு பெரியாவில். நம்மூரிலிருந்து கொல்லம் போய், அங்கிருந்து கேரளாவின் நீளம் முழுக்க ஏறிப் போக வேண்டும், கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். சென்னைக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான், ஆனால் சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர். காசர்கோட்டுக்கு அப்படி இல்லை. நள்ளிரவு தாண்டி வருகிற பாலருவி எக்ஸ்பிரஸைப் பிடித்தாலும் அது பாலக்காட்டோடு நின்றுவிடும், திருச்சூரிலோ எங்கேயோ இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். ஆந்திராவும் அப்படித்தான், திருப்பதியும் ஆந்திரா, விசாகப்பட்டினமும் ஆந்திரா, சென்னையிலிருந்து ஒன்று சுமார் 150 கிலோமீட்டர், இன்னொன்று 800-ஐத் தொடும். மாநிலத்தின் பெயரை வைத்துத் தூரத்தை நினைக்கவே கூடாது. எத்தனை இடத்தில் வண்டி மாறுகிறோம், ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதுதான் பிள்ளைக்கு வலிக்கிற தூரம்.

அதைவிடப் பெரிய தவறு, ஸ்டேஷன் வரைக்கும் மட்டும் கணக்குப் போடுவது. அக்கா மகனை வடக்கே ஒரு கல்லூரியில் சேர்க்கப் போனோம். கையேட்டில் பெரிய நகரத்தின் பெயர்தான் போட்டிருந்தது. போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கல்லூரி அந்த நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேலே தள்ளி, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இருக்கிறது என்று. வண்டி தாமதமாகி விடியற்காலை இரண்டே முக்காலுக்கு இறங்கினோம், இரண்டு பெட்டி, ஒரு வாளி, மெத்தை. முதல் பஸ் ஐந்தரைக்கு. டாக்சிக்காரர் கேட்ட தொகை, நாங்கள் இரண்டு பேரும் ஊரிலிருந்து அங்கே வந்த ஸ்லீப்பர் டிக்கெட்டைவிட அதிகம். பிளாட்பாரத்தில் பெட்டி மேலே உட்கார்ந்து அவன், "மாமா, அடுத்த தடவை நான் தனியா வரணுமே" என்றான். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. நாம் கூடப் போகிற முதல் பயணத்தைத்தான் நாம் திட்டமிடுகிறோம். மிச்சமிருக்கிற இருபது முப்பது பயணமும் பிள்ளை தனியாகப் போவது.

அதனால் கணக்கு எப்போதும் வீட்டு வாசலிலிருந்து ஹாஸ்டல் வாசல் வரைக்கும் இருக்க வேண்டும். வரைபடத்தில் கல்லூரியின் வாசலையே குறி வைத்துப் பாருங்கள், நகரத்தின் பெயரை அல்ல. பக்கத்து ஸ்டேஷனில் எந்த வண்டி நிற்கிறது, எந்த நேரத்தில், வாரத்தில் எத்தனை நாள் என்று பாருங்கள், ஏனென்றால் தூரத்து வண்டிகளில் பல வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான் ஓடும். ஹாஸ்டல் கேட்டை ராத்திரி எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று போன் போட்டுக் கேளுங்கள். வடக்கே போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும், தெற்கிலிருந்து போகும் நம் வண்டிகள் எழும்பூரில் விடும், டெல்லிப் பக்கமோ விஜயவாடாப் பக்கமோ போகிற வண்டிகள் பெரும்பாலும் சென்ட்ரலிலிருந்து கிளம்பும், நடுவில் பெட்டியோடு ஊருக்குள் ஒரு அலைச்சல் இருக்கிறது. நம்மூர்க்காரர்கள் மறந்துபோகிற ஒரு வசதியும் உண்டு. மலை தாண்டினால் கொல்லத்தில் டெல்லி போகும் கேரளா எக்ஸ்பிரஸ் நிற்கும், திருவனந்தபுரம் விமான நிலையமும் தென்மலை வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். சென்னையையே சுற்றிச் சுற்றி யோசிக்காமல் அந்தப் பக்கமும் பாருங்கள். ஆனால் கல்லூரி திறக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்பது ஆரியங்காவு மலைப்பாதையில் மழை கொட்டுகிற நேரம், மண் சரிந்தாலும் மரம் விழுந்தாலும் பாதை அடைபடும், அதனால் ரயிலுக்கோ விமானத்துக்கோ நேரம் ஒட்டி ஒட்டிக் கிளம்பாதீர்கள்.

அப்புறம் லீவு. சேர்க்கும்போதே கல்லூரியின் கல்விக் காலண்டரை வாங்கிப் பாருங்கள். கேரளாவில் ஓணத்துக்குத்தான் நீண்ட விடுமுறை, வங்காளம் ஒடிசாப் பக்கம் துர்கா பூஜைக்கு. நம் பொங்கலுக்கு வீட்டுக்கு வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த வாரம் அங்கே சாதாரண வகுப்பு நடக்கும். லீவு விடுகிற தேதி அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் டிக்கெட்டும் ஒரே நாளில் தீரும். 2024 நவம்பரிலிருந்து ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு 120 நாள் இருந்தது. அந்த 60-வது நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். கடைசி நேர முன்பதிவான தட்கலை நம்பி இருப்பது தவறு, வண்டி கிளம்புவதற்கு முந்தின நாள் ஏசிக்குக் காலை 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும், கண் மூடித் திறப்பதற்குள் முடியும், இப்போது ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் எடுக்கவே முடியும். இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட் (பயணிகள் பட்டியல்) போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்து ஏற முடியாது. படிக்கிற பிள்ளைகள் சொந்த ஊர் போய்வர ஸ்லீப்பர் கட்டணத்தில் பாதிச் சலுகை உண்டு, எஸ்சி எஸ்டி பிள்ளைகளுக்கு 75 சதவீதம். கல்லூரியில் அதற்கான படிவம் வாங்கிக் கவுன்டரில் கொடுத்து எடுக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குகிற பிள்ளைகள் ரொம்பக் குறைவு.

சரி, இனி பணம். "ஐம்பது சதவீதம் ஸ்காலர்ஷிப்" என்று கடிதம் வந்ததும் வீட்டில் இனிப்பு வாங்கிவிடுகிறோம். எதில் ஐம்பது என்று கேட்பதில்லை. பெரும்பாலும் அது டியூஷன் ஃபீஸில் மட்டும்தான், ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், சீருடை, டெபாசிட் எல்லாம் அப்படியே இருக்கும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். தூரத்துக் கல்லூரியில் டியூஷன் 1,20,000, ஹாஸ்டலும் மெஸ்ஸும் 1,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதிச் சலுகை போனால் 1,60,000 ஆகிறது. திருநெல்வேலிப் பக்கம் சலுகையே இல்லாத கல்லூரியில் டியூஷன் 1,10,000, ஹாஸ்டல் 60,000, ஆக 1,70,000. பத்தாயிரம் மிச்சம் என்று தூரத்தைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். இப்போது வருடத்துக்கு நாலு முறை போகவர ஐயாயிரம் வீதம் 20,000, பெற்றோர் ஒருமுறை போய்வர 7,000 சேருங்கள், தூரத்துக் கணக்கு 1,87,000. பக்கத்துக் கல்லூரிக்கு எட்டு முறை வந்துபோனாலும் 800 வீதம் 6,400, ஆக 1,76,400. கணக்கு திரும்பிவிட்டது. அப்பா ரப்பர் பால் வெட்டப் போகிறவர் என்றால், கூடப் போகிற ஒவ்வொரு நாளும் கூலி போகிறது, அதையும் எழுதுங்கள்.

இது முதல் வருடம் மட்டும்தான். இரண்டாம் வருடம் அந்தச் சலுகை தொடர என்ன நிபந்தனை என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். குறிப்பிட்ட சிஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) வேண்டும், தேறாமல் விட்ட பாடம், அதாவது அரியர், ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றெல்லாம் போட்டிருப்பார்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வகுப்பில் போய் உட்காருகிற பிள்ளைக்கு முதல் செமஸ்டர்தான் மூச்சு முட்டுகிற செமஸ்டர், சலுகை பறிபோவதும் அந்த மார்க்கை வைத்துத்தான். அதனால் நாலு வருடத்துக்கும் சலுகை இருந்தால் எவ்வளவு, இல்லாமல் போனால் எவ்வளவு என்று இரண்டு கூட்டல் போடுங்கள். இரண்டாவது கூட்டலையும் தாங்க முடியும் என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். போனில் சொல்வதை எல்லாம் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் அதுவே பதில்.

"நாற்பத்தெட்டு மணி நேரத்தில் கட்டாவிட்டால் சீட் போய்விடும்" என்ற அழைப்பு வந்ததும் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். விலகினால் பணம் திரும்ப வருவதற்கு விதி இருக்கிறது. 2018 அக்டோபரில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) போட்ட அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் மேலோ முன்னால் எழுதிக் கொடுத்தால் முழுத் தொகை, அதில் 5 சதவீதத்துக்கு மேற்படாமல், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை பிடித்துக்கொள்ளலாம். அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், தேதி தாண்டி 15 நாள் வரை 80 சதவீதம், 30 நாள் வரை 50 சதவீதம், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. டெபாசிட் தனியாக முழுசாக வர வேண்டும். 2024-25 கல்வியாண்டுக்கு செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகை என்று இன்னும் இளக்கினார்கள், நீங்கள் சேர்க்கிற வருடத்து அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. இது தெரியாமல் மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டு, நல்ல இடம் கிடைத்தும் போக முடியாமல் நின்ற பிள்ளையைப் பார்த்திருக்கிறேன், அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

ஐஐடி, என்ஐடி சீட்டுகளுக்கான ஜோசா கவுன்சலிங்கில் ஃப்ளோட் (கிடைத்த சீட்டை வைத்துக்கொண்டே பட்டியலில் அதற்கு மேலே உள்ள விருப்பத்துக்கும் காத்திருப்பது) கொடுத்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், மேலே வைத்த விருப்பம் கிடைத்தால் கையில் இருந்த சீட் தானாகப் போய்விடும். போக மனமில்லாத தூரத்துக் கல்லூரியை, "கிடைக்கவா போகுது" என்று பட்டியலில் மேலே வைக்காதீர்கள்.

சான்றிதழ் விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம். தமிழ்நாட்டு பிசி, எம்பிசி சான்றிதழ் பக்கத்து மாநில அரசின் ஒதுக்கீட்டில் உதவாது. மத்திய அரசுக் கல்லூரிகளுக்கு மத்திய அரசின் படிவத்தில், அந்த நிதியாண்டில் வாங்கிய ஓபிசி சான்றிதழ் வேண்டும், ஏப்ரல் பிறந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை நம் மாநிலத்தின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வருகிறவர்களுக்கானது, எல்லை தாண்டிச் சேர்த்தால் அதை இழக்கிறோம், அந்தத் தொகையையும் நோட்டில் எழுத வேண்டும். ஆரியங்காவு, புனலூர்ப் பக்கம் பள்ளி படித்த நம் பிள்ளைகள் இங்கே கலந்தாய்வுக்கு வந்தால் இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள், அதையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். நர்சிங்குக்கு ஏஜென்ட் வழியாகப் போகிறவர்கள் அந்தக் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் ஒரு போன் பாக்கி இருக்கும். நம் பக்கத்துப் பிள்ளை யாராவது அங்கே படித்தால் நம்பர் வாங்கிப் பேசுங்கள், அதுவும் உங்கள் பிள்ளையையே பேசச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப்போனார்கள், கடைசியாக ஊருக்கு எப்போது வந்தாய், எந்த வண்டி என்று கேட்கட்டும். அக்கா மகன் இப்போது மூன்றாம் வருடம், இந்த மாதிரி போன் அவனுக்கும் வருகிறது. அவன் முதலில் சொல்வது, "விடிஞ்ச பிறகு வந்து சேருற வண்டியா பாருங்க, ஒரு நாள் கூடுதலா ஆனாலும் பரவாயில்ல."