டாவாடாவாவுக்கு நல்ல உறை தேர்ந்தெடுப்பது

மேற்கு ஆப்பிரிக்கக் குழம்புகளுக்கு ருசி ஏற்றுவது, பார்க்கியா பிக்லோபோசா மரத்தின் விதைகளை நொதிக்கவைத்துச் செய்யும் டாவாடாவா. ஹவுசா மக்கள் வைத்த பெயர் இது. யொரூபா மக்களுக்கு இரூ, புர்கினா ஃபாசோவில் சூம்பலா. வீட்டு முறையில் பெரும்பாலும் தனியாக உறை, அதாவது நொதிப்பைத் தொடங்கும் நுண்ணுயிர், போடுவதில்லை. சுரைக்குடுக்கையிலும் மூடும் இலையிலும் ஒட்டியிருக்கும் பேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துகளே (சூட்டைத் தாங்கும் உறக்க வடிவம்) வேலையைத் தொடங்கும். அதனால் ஒரு ஈடு அருமையாக வரும், அடுத்தது வீச்சமடிக்கும்.

நமக்கு வேண்டியது பேசில்லஸ் சப்டிலிஸ். ஆனால் அதன் உறவான பேசில்லஸ் செரியஸும் கொதிநீரைத் தாங்கி வித்தாகப் பிழைத்திருக்கும். செரியஸின் சில வகைகள் உண்டாக்கும் வாந்தி நஞ்சான செரியுலைட், 121 டிகிரிச் சூட்டிலும் அழியாது. பிறகு குழம்பில் கொதிக்கவைத்தும் பயனில்லை. எனவே பாதுகாப்பை முதலில் பாருங்கள், மணமும் ருசியும் அடுத்து.

வெவ்வேறு கைகள் செய்த நல்ல டாவாடாவா மாதிரிகளை வாங்குங்கள். 10 கிராமை 90 மி.லி. கிருமி நீக்கிய 0.85 சதவீத உப்புநீரில் கரைத்து, 80 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். வித்துகள் மட்டும் மிஞ்சும். பத்துப் பத்து மடங்காக நீர்த்து, நியூட்ரியன்ட் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ் ஊடகம்) பூசி, 37 டிகிரியில் 24 மணி நேரம் வளர்த்து, தனித்தனிக் கூட்டங்களைப் பிரித்தெடுங்கள்.

அடுத்தது கழிப்பு. மேனிடால், முட்டை மஞ்சள்கரு, பாலிமிக்சின் கலந்த அகாரில் இளஞ்சிவப்பாக, சுற்றிலும் வெண்படலத்தோடு வளர்வது செரியஸ் வகையாக இருக்கலாம், எடுத்துப் போடுங்கள். சிவப்பணுக்களை உடைக்கிறதா என்று காட்டும் இரத்த அகாரை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சப்டிலிஸ் சுரக்கும் சர்ஃபாக்டின் என்ற பொருளும் அவற்றை உடைக்கும். மிஞ்சியவற்றில் நஞ்சு மரபணுக்கள் (ces, hbl, nhe, cytK) உண்டா என்று பிசிஆரில் (மரபணுத் துண்டைப் பெருக்கிக் காட்டும் சோதனை) பாருங்கள். இனம் அறியப் பார்க்கும் 16எஸ் மரபணுவின் வரிசை மட்டும் பார்த்தால் சப்டிலிஸையும் அதன் நெருங்கிய இனங்களையும் பிரிக்க முடியாது. gyrA அல்லது gyrB மரபணுவின் வரிசையும் வேண்டும். மற்ற பாக்டீரியாவுக்குக் கடத்தக்கூடிய ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

பிறகுதான் திறமை. பால்பொடி அகாரில் விழும் தெளிவு வளையம் புரதம் உடைக்கும் வலுவைக் காட்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மிகப் பெரிய வளையம் போடும் வகையைத் தேர்ந்தெடுத்தால், விதை கூழாகி அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். நடுத்தர வளையம் போட்டு, செரியஸ் பூசிய தட்டில் அதன் வளர்ச்சியைத் தடுக்கும் வகையே மேல்.

தட்டில் தேறியது விதையில் தேறவேண்டும். விதையை 12 மணி நேரம் வேகவைத்து, தோல் நீக்கிக் கழுவி, மறுபடி 1–2 மணி நேரம் வேகவைத்து, நீரை நன்றாக வடியுங்கள். ஒரு கிராம் விதைக்கு ஒரு லட்சம் வித்து போதும். மி.லி.க்குப் பத்துக் கோடி வித்துள்ள கரைசலானால், கிலோவுக்கு 1 மி.லி.; அதை 10 மி.லி. கொதித்து ஆறிய நீரில் கலந்து தெளித்துக் கிளறுங்கள். வித்துகளானால் விதை 60 டிகிரிச் சூட்டில் இருக்கும்போதே தெளிக்கலாம். பின்னால் வந்து ஒட்டும் கிருமிகளுக்கு இடம் குறையும். 3–4 செ.மீ. தடிமனாகப் பரப்பி, காற்று புகும்படி துணியால் மூடி, 35–37 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே வேகவைத்த விதையில் உறை போடாத ஒரு தட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

நன்றாக நடந்தால் நூலிழுக்கும் பசை வரும், பிஎச் (புளிப்பு-கார அளவு) 7 அருகிலிருந்து 8 வரை ஏறும். பிஎச் இறங்கிப் புளிப்படித்தால் லாக்டிக் பாக்டீரியா புகுந்திருக்கிறது. சூடு போதவில்லையா, துணி சுத்தமா என்று பாருங்கள். அடித்தட்டு மட்டும் நாறினால் நீர் சரியாக வடியவில்லை அல்லது அடுக்கு தடித்துவிட்டது. பேசில்லஸுக்குக் காற்று வேண்டும்.

தேறிய வகையை, லிட்டருக்கு 10 மி.கி. மாங்கனீசு சல்பேட் சேர்த்த அகாரில் ஒரு வாரம் வளர்த்தால் வித்தாக மாறும். சுரண்டி எடுத்து, கிருமி நீக்கிய மாவுச்சத்தில் கலந்து, உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் வையுங்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் இதிலிருந்தே புதிதாக எடுங்கள். பழைய டாவாடாவாவை அள்ளிப் போட்டால், கழித்த செரியஸ் திரும்ப நுழையும்.