ஒளிபரப்பு இதழியல் படிப்பில் சேரும் முன் அதன் அங்கீகாரத்தை எடைபோடுவது எப்படி

செய்திப் பிரிவுக்குப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது டிவி, ரேடியோ செய்தி கற்றுக்கொடுக்கிறேன். சேர்க்கை நேரத்தில் எல்லோரும் முதலில் கேட்பது, “இந்தக் கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கிறதா?” என்றுதான். நல்ல கேள்வி. ஆனால் “இருக்கிறது” என்ற பதில் வந்ததும் திருப்தியாகிவிடுகிறார்கள். யார் கொடுத்தது, எதைப் பார்த்துக் கொடுத்தது, எந்த வருடம் வரை செல்லும் என்று தோண்டிக் கேட்டால்தான் அந்தப் பதிலுக்கு மதிப்பு.

அங்கீகாரம் என்ற ஒரே பெயரில் இரண்டு விஷயங்கள் உலவுகின்றன. ஒன்று, கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மொத்தமாகக் கொடுப்பது. பட்டம் செல்லும், நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறது என்று அது சொல்லும். அங்கே ஸ்டூடியோ இயங்குகிறதா, மாணவர் ஒரு முழு புல்லட்டினாவது தயாரித்திருக்கிறாரா என்பது அதில் தெரியாது. இன்னொன்று, அந்தக் குறிப்பிட்ட படிப்பைத் தொழில் தெரிந்தவர்கள் நேரில் வந்து பார்த்துக் கொடுப்பது. நீங்கள் தேட வேண்டியது இரண்டாவதை. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதலாவது.

இரண்டாவது வகைக்குத் தெளிவான உதாரணம் பிரிட்டனின் பிஜேடிசி, அதாவது ஒளிபரப்பு இதழியல் பயிற்சிக்கென்றே உள்ள குழு. பிபிசி, ஐடிஎன், ஸ்கை போன்ற நிறுவனங்களும் கற்பிப்பவர்களும் அதில் சேர்ந்து உட்காருகிறார்கள். நாளை வேலை கொடுக்கப்போகிறவர்களே இன்று பாடத்திட்டத்தைப் பார்க்கிறார்கள் என்பதால் அந்த முத்திரைக்குத் தனி மரியாதை. அதே நாட்டில் 1951-இல் தொடங்கிய என்சிடிஜே என்ற இதழியல் பயிற்சிக் குழு, பத்திரிகைப் பயிற்சியிலிருந்து வளர்ந்தது. நிமிடத்துக்கு 100 சொல் சுருக்கெழுத்து என்பது அதன் பழைய அடையாளம். இப்போது அதுவும் ஒளிபரப்புப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருகிறது. அமெரிக்காவில் ஏசிஇஜேஎம்சி என்ற குழு ஒளிபரப்பை மட்டும் தனியாகப் பார்க்காமல் இதழியல் துறை முழுவதையும் பார்க்கும். துறை தன்னைப் பற்றித் தானே ஒரு விரிவான அறிக்கை எழுத வேண்டும். அப்புறம் வெளியிலிருந்து ஒரு குழு வந்து வகுப்பில் உட்காரும், மாணவர்களிடம் பேசும். முழு அங்கீகாரம் ஆறு வருடத்துக்கு. செய்முறை வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 20 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்த அளவு. எந்த நாட்டில் படித்தாலும் இந்த 20-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபது பேருக்கு ஒரு கேமரா வகுப்பு என்றால் அது வேடிக்கை பார்க்கும் வகுப்பு.

யுனெஸ்கோ 2007-இல் இதழியல் கல்விக்கான மாதிரிப் பாடத்திட்டங்களை வெளியிட்டது. தனி அங்கீகாரக் குழு இல்லாத நாடுகளில் அதை எடுத்து வைத்துக்கொண்டு நீங்கள் சேரப்போகும் படிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், நல்ல அளவுகோல். ஆனால் யுனெஸ்கோ எந்தப் படிப்புக்கும் அங்கீகாரம் தருவதில்லை. “யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றது” என்று யாராவது எழுதியிருந்தால், அந்த இடத்தில் மற்ற வாக்குறுதிகளையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

சரி, சரிபார்ப்பது எப்படி? கல்லூரியின் இணையதளத்தை மூடிவிட்டு, அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலைத் திறங்கள். அங்கே படிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். முதுகலைக்குக் கிடைத்த அங்கீகாரம் இளங்கலைக்கு ஒட்டாது. ஒரு வளாகத்துக்குக் கிடைத்தது இன்னொரு வளாகத்துக்குச் செல்லாது. “உறுப்பினர்”, “கூட்டாளி” என்ற சொற்கள் அங்கீகாரம் ஆகா. சந்தா கட்டினாலே உறுப்பினராகிவிடக்கூடிய அமைப்புகள் உண்டு. நிபந்தனையோடு கொடுத்ததா, தற்காலிகமா என்றும் பாருங்கள். ஆய்வுக் குழுவின் அறிக்கை கிடைத்தால் பாராட்டுகளைத் தாண்டிக் குறைகள் எழுதிய பக்கத்துக்கு நேராகப் போங்கள். ஏசிஇஜேஎம்சி இந்த அறிக்கைகளைப் பொதுவில் வைக்கிறது. முந்தைய ஆய்வில் சொன்ன அதே குறை இந்த முறையும் வந்திருந்தால், அங்கே யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன்: செய்தி நாள். உண்மையான செய்தி அறை போலவே வகுப்பு ஒரு முழு நாள் இயங்குவது. காலையில் எடிட்டோரியல் கூட்டம், யாருக்கு எந்த ஸ்டோரி என்று பிரிப்பது, வெளியே போய் பைட் (செய்தியில் சேர்க்கும் சிறு பேச்சுப் பதிவு) வாங்குவது, எடிட், ஸ்கிரிப்ட், ரன்டவுன் (எந்த ஸ்டோரி எந்த வரிசையில், எத்தனை நொடி என்ற பட்டியல்), கடைசியில் குறித்த நொடியில் நேரலை. பயிற்சித் தரத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் அது பரீட்சைக்கு வருவது இந்த நாளில்தான்.

பத்து நிமிட புல்லட்டின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிறைவுரை 15 நொடி, அதற்கு முன் வானிலை 45 நொடி. அப்படியென்றால் ஒன்பதாவது நிமிடம் முடியும்போது வானிலை தொடங்கியே ஆக வேண்டும். ரன்டவுனைக் கீழிருந்து மேலே கணக்குப் போட்டு, ஒவ்வொரு ஸ்டோரியும் எப்போது தொடங்க வேண்டும் என்று தயாரிப்பாளராக இருக்கும் மாணவி எழுதி வைத்திருப்பார். நேரலைப் பேட்டியில் விருந்தினர் முப்பது நொடி கூடுதலாகப் பேசிவிடுகிறார். இப்போது அந்த மாணவி எதை வெட்டுவார்? முப்பது நொடி ஸ்டோரி ஒன்றை எடுத்துவிட வேண்டும். அதைப் பிசிஆரில் (ஒளிபரப்பை இயக்கும் கட்டுப்பாட்டு அறை) இருப்பவர்களுக்கும் ஆங்கரின் காதுக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். ஆங்கர் பார்த்துப் படிக்கும் டெலிபிராம்ப்டர் திரையிலிருந்தும் அது போக வேண்டும். எந்தப் பாடப் புத்தகமும் இதைக் கைக்குக் கொண்டுவராது. திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும். அதனால் கல்லூரியிடம் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை முழுச் செய்தி நாட்கள்? எல்லா மாணவரும் தயாரிப்பாளர் நாற்காலியில் உட்காருகிறார்களா, அல்லது நன்றாகப் பேசும் நாலு பேரே எப்போதும் ஆங்கராக இருக்கிறார்களா? முடிந்ததும் ஆசிரியர் அதே நாளில் உட்கார்ந்து நொடி நொடியாக விமர்சிக்கிறாரா? தேதி சொல்லி, “அன்று ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா?” என்று கேளுங்கள்.

சட்டமும் அறமும் அடுத்த இடம். அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, சிறார் மற்றும் பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் அடையாளத்தைக் காப்பது, ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆகியவை தனித் தாளாக இருக்க வேண்டும். “ஊடக அறம்” என்ற ஒரு விருந்தினர் உரை போதாது. நீங்கள் வேலை செய்யப்போகும் நாட்டின் சட்டம்தானா என்பதையும் பாருங்கள். பிரிட்டனில் படித்தால் அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் ஒளிபரப்பு விதிகளை வரிவரியாகப் படிப்பீர்கள். வேறு நாட்டில் வேலை என்றால் அந்த நாட்டுச் சட்டத்தை நீங்களேதான் படித்துக்கொள்ள வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். அங்கே இரண்டாம் ஆண்டு படிப்பவரிடம் பேசி, “வாட்ஸ்அப்பில் ஒரு விபத்து வீடியோ வந்தால், ஒளிபரப்பும் முன் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். எடுத்தது யார், எங்கே, எப்போது, இது பழைய வீடியோவா, யாருடைய அனுமதி வேண்டும், யாருடைய முகத்தை மறைக்க வேண்டும் என்று அவர் தயங்காமல் அடுக்கினால் அந்தப் படிப்பு வேலை செய்கிறது.

கருவிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். போனிலேயே தரமான செய்தி எடுக்கலாம். ஒலியை மட்டும் விசாரியுங்கள்: மைக் வைக்கும் விதம் முதல் ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் பின்பற்றும் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) போன்ற ஒலி அளவு வரை கற்பிக்கிறார்களா என்று. பல இடங்களில் படத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசி கூட ஒலிக்குக் கிடைப்பதில்லை. நேயர் முதலில் ரிமோட்டை எடுப்பதோ ஒலி சரியில்லாதபோதுதான்.

ஆசிரியர்கள் கடைசியாக எப்போது செய்தி மேசையில் வேலை பார்த்தார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. இன்டர்ன்ஷிப்பைக் கல்லூரியே ஏற்பாடு செய்கிறதா, அங்கே மாணவர் செய்த வேலையைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்களா என்பதும் கேட்க வேண்டியதே. “நூறு சதவீத வேலை உறுதி” என்ற வாக்கியத்துக்கு மயங்காதீர்கள். எந்த அங்கீகாரக் குழுவும் வேலைக்கு உறுதி தருவதில்லை.

முத்திரை இல்லை என்பதற்காக மட்டும் ஒரு படிப்பை ஒதுக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளியும் பெர்க்லியின் இதழியல் பள்ளியும் 2017-இல் ஏசிஇஜேஎம்சி அங்கீகாரத்தைப் புதுப்பிக்காமல் விலகின. அவற்றின் பெயர் அதனால் மங்கிவிடவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஆய்வுக் குழு செய்யும் வேலையை நீங்களே செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

செய்தி நாளைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை என்றால், மாணவர்கள் கடைசியாகச் செய்த மூன்று புல்லட்டின்களின் முழுப் பதிவைக் கேளுங்கள். வெட்டி ஒட்டிய ஷோரீல் வேண்டாம். தொடக்க இசையிலிருந்து நிறைவுரை வரை வேண்டும். பேட்டி நீண்டபோது என்ன ஆயிற்று, வீடியோ வராதபோது ஆங்கர் எப்படிச் சமாளித்தார், குறித்த நேரத்தில் முடிந்ததா என்று பாருங்கள். அதையும் காட்ட மாட்டோம் என்றால், காட்டும் வரை முன்பணம் கட்டாதீர்கள்.