வயல் சோதனைத் தரவை எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் ஆராயும் முறை: பி மதிப்புக்கு முன் டி.எஃப். பாருங்கள்

ஐந்து நெல் ரகங்கள், நான்கு ரெப்ளிகேஷன் (எல்லா ரகங்களையும் மறுபடி மறுபடி பயிரிடும் தொகுதிகள்), ஆர்.பி.டி. அமைப்பு (ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் ரகங்களைக் குலுக்கல் முறையில் பாத்திகளுக்கு ஒதுக்குவது), ஆக 20 பாத்திகளின் விளைச்சல் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் சில நிமிடங்களில் அனோவா அட்டவணை, அதாவது விளைச்சல் வேறுபாட்டை ரகம், ரெப்ளிகேஷன், பிழை என்று பிரித்துக் காட்டும் அட்டவணை வந்துவிடும். தரவைத் தப்பாகக் கொடுத்தாலும் அட்டவணை வரத்தான் செய்யும். அதனால் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (சுதந்திரமாக மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை), அதாவது டி.எஃப். கணக்கைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைக்க மொத்தம் 19, ரகத்துக்கு 4, ரெப்ளிகேஷனுக்கு 3, மிச்சமுள்ள 12 பிழைக்கு, அதாவது இந்த இரண்டாலும் விளங்காத வேறுபாட்டுக்கு. வெளியீட்டில் இந்த எண்கள் வராவிட்டால் பி மதிப்பைப் (ரகங்களுக்குள் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) படிக்கவே வேண்டாம்.

வயல் நோட்டில் ரகங்கள் வரிசையாகவும் ரெப்ளிகேஷன்கள் பக்கவாட்டிலும் இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் சரிவராது. ஒரு பாத்திக்கு ஒரு வரி என்று 20 வரிகள். ரகம், ரெப்ளிகேஷன், விளைச்சல் என்று மூன்று பத்திகள். எக்செல்லில் இணைத்த கட்டங்களும், அடியில் போட்ட கூட்டல், சராசரி வரிகளும் இருக்கக் கூடாது. எண்ணோடு 'கிலோ' என்று சேர்த்து எழுதினால் அந்தப் பத்தி முழுவதும் எழுத்தாகப் பதிவாகிவிடும். அளவெடுக்க முடியாமல் போன பாத்தியின் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அங்கே 0 போட்டால் விளைச்சலே இல்லை என்று பொருளாகி, சராசரி சரிந்துவிடும்.

விளைச்சலை 14 சதவீத ஈரப்பதத்துக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். 20 சதுர மீட்டர் நிகரப் பாத்தியில் (ஓர வரிசைகளை விட்டு அறுத்த பரப்பு) 18 சதவீத ஈரப்பதத்தில் 10.4 கிலோ கிடைத்தால், 82 ஆல் பெருக்கி 86 ஆல் வகுக்க 9.92 கிலோ. அதை 500 ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 4,960 கிலோ.

இனி மெனு. அனலைஸ், ஜெனரல் லீனியர் மாடல், யூனிவேரியட் என்று போங்கள். டிபென்டன்ட் வேரியபிளில் விளைச்சல். ஃபிக்ஸ்டு ஃபேக்டர்ஸில் ரகமும் ரெப்ளிகேஷனும். ரகத்தைக் கோவேரியேட் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். 1 முதல் 5 வரையிலான குறியீட்டை அது அளவாக எடுத்துக்கொள்ளும், ரகத்தின் டி.எஃப். 4-க்குப் பதில் 1 ஆகிவிடும். ஆர் மென்பொருளில் ரகத்தை ஃபேக்டராக மாற்ற மறந்தாலும் இதே கோளாறுதான்.

அடுத்து மாடல் பொத்தான். பலர் தடுக்கி விழும் இடம் இது. தானாக இருப்பது ஃபுல் ஃபேக்டோரியல். அப்படியே விட்டால் ரகம் × ரெப்ளிகேஷன் இடைவினை (ரகத்தின் விளைவு ரெப்ளிகேஷனுக்கு ரெப்ளிகேஷன் மாறுவது) அந்த 12 டி.எஃப்.-ஐயும் எடுத்துக்கொள்ளும், பிழைக்கு 0 தான் மிஞ்சும், எஃப் மதிப்பு (ரக வேறுபாட்டைப் பிழையோடு ஒப்பிடும் விகிதம்) வராது. பில்ட் டேர்ம்ஸ் தேர்ந்தெடுத்து (பழைய பதிப்புகளில் கஸ்டம்), மெயின் எஃபெக்ட்ஸ் வைத்து, இரண்டு காரணிகளை மட்டும் உள்ளே தள்ளுங்கள். இலவச மென்பொருளான ஜமோவியிலும் மாடல் பகுதியில் இடைவினையை நீக்க வேண்டும்.

அட்டவணையில் 'டோட்டல்' என்ற வரியில் 20 இருக்கும். நமக்கு வேண்டியது 'கரெக்டட் டோட்டல்'. அதில் 19 இருக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தான பிழை ஒன்று உண்டு. பயிர் உயரத்துக்காகப் பாத்திக்கு ஐந்து குத்துகள் (ஓரிடத்தில் நட்ட பயிர்க் கொத்து) அளந்து, 100 எண்களையும் 100 வரிகளாக ஏற்றிவிடுவார்கள். பிழையின் டி.எஃப். 12-க்குப் பதில் 92 என்று வரும். ஒரே பாத்திக்குள் இருக்கும் குத்துகள் தனித்தனி ரெப்ளிகேஷன் அல்ல. ரகம் ஒதுக்கப்பட்டது பாத்திக்குத்தான். இல்லாத வித்தியாசம் இருப்பதாகக் காட்டும் முடிவுகள் இப்படித்தான் பிறக்கின்றன. ஐந்தையும் சராசரியாக்கி, பாத்திக்கு ஒரே எண்ணாக ஏற்றுங்கள்.

சேவ் பொத்தானில் ரெசிடுவல் (அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசம்), பிரெடிக்டட் (கணித்த) மதிப்புகளைச் சேமித்து, இரண்டையும் ஸ்கேட்டர் படமாகப் போடுங்கள். புள்ளிகள் புனல்போல் விரிந்தால் பரவல் சீராக இல்லை என்று பொருள். களை, பூச்சி எண்ணிக்கைகளில் இது வழக்கம், எண்ணோடு 0.5 கூட்டி வர்க்கமூலம் எடுத்து மறுபடி ஓட்டுங்கள். ஒரு ரகமும் ஒரு ரெப்ளிகேஷனும் சேரும் இடத்தில் ஒரே ஓர் எண் இருப்பதால், பரவல் சமமா என்று பார்க்கும் லெவீன் சோதனை இங்கே பயன்படாது.

ரகங்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட, போஸ்ட் ஹாக் பொத்தானில் டியூக்கி சோதனை எங்கள் பரிந்துரை. ஐந்து ரகங்களுக்குப் பத்து ஜோடிகள் வருவதால், எல்.எஸ்.டி. என்ற இன்னொரு ஜோடி ஒப்பீட்டை, எஃப் சோதனை வித்தியாசம் உண்டு என்று காட்டிய பிறகே நம்பலாம். சி.டி. (இரண்டு ரகங்கள் உண்மையில் வேறு என்று சொல்ல, சராசரிகளுக்குள் இருக்க வேண்டிய குறைந்தபட்ச வித்தியாசம்) கேட்டால் கையாலேயே போடலாம். அட்டவணையின் பிழை வரியில் இருக்கும் மீன் ஸ்கொயர் 90,000 என்றால், 2 ஆல் பெருக்கி, ரெப்ளிகேஷன் எண்ணிக்கையான 4 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க 212. அதை 12 டி.எஃப்.-க்கான டி மதிப்பு 2.179 ஆல் பெருக்க 462 கிலோ. பொதுச் சராசரி 5,000 கிலோவானால் சி.வி. (மீன் ஸ்கொயரின் வர்க்கமூலம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது) 6 சதவீதம்.

'.000' என்று வந்தால் பி = 0 என்று எழுதாதீர்கள்; 0.001-க்கும் குறைவு என்றே எழுதுங்கள். கடைசியில் ஓகே அழுத்தாமல் பேஸ்ட் அழுத்துங்கள். செய்த தேர்வுகள் அனைத்தும் சின்டாக்ஸ் என்ற கட்டளைக் கோப்பாக விழும். அதிலிருந்தே ஓட்டி, தரவோடு சேர்த்துச் சேமியுங்கள்.