ஆங்கில உவமையும் நம் ‘போல’வும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம், ‘மை ஃபாதர் ஒர்க்ஸ் லைக் எ ஃபிஷர்மேன்’ என்பதாகும். தந்தை உண்மையிலேயே கடலுக்குப் போகிறவர். ஆனால் ‘லைக்’ என்று எழுதியவுடன், அவர் மீனவர் அல்லர், மீனவரைப் போல உழைக்கும் வேறு யாரோ என்று பொருள் மாறிவிடுகிறது. தொழிலைச் சொல்ல ‘ஆஸ் எ ஃபிஷர்மேன்’ என்றே எழுத வேண்டும். ‘மீனவராக’, ‘மீனவரைப் போல’ என்னும் இரண்டையும் தமிழில் நாம் குழப்புவதே இல்லை. ‘ஆஸ்’ ஓரிடத்தில் ‘ஆக’ என்றும் இன்னோரிடத்தில் ‘போல’ என்றும் பொருள்படுவதால்தான் ஆங்கிலத்தில் இடறுகிறோம்.

இந்த இடறலின் இன்னொரு வடிவம், ‘ஆஸ்’, ‘லைக்’ என்னும் உவம உருபுகளைக் கலந்துவிடுவது. வாலிநோக்கத்து உப்பின் வெண்மையைச் சொல்ல வந்தவர் ‘ஆஸ் ஒயிட் லைக் சால்ட்’ என்று எழுதிவிடுகிறார். பண்பை இரண்டு ‘ஆஸ்’களுக்கு நடுவில் வைத்து ‘ஆஸ் ஒயிட் ஆஸ் சால்ட்’ எனலாம். நடுவில் நிற்கும் சொல் ‘ஒயிட்டர்’ என்றோ ‘வெரி ஒயிட்’ என்றோ மாறாது. போல, புரைய, ஒப்ப, உறழ என்று பன்னிரண்டு உருபுகளை நன்னூல் அடுக்குகிறது; அவற்றைப் படித்தவருக்கு இந்த இரண்டும் ஒரு சுமையன்று.

ஒப்பீடெல்லாம் உவமையும் ஆகாது. ‘பாம்பன் இஸ் லைக் மண்டபம்’ என்பது ஊரோடு ஊரை ஒப்பிடும் வெறும் செய்தி. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம், கப்பலுக்கு வழிவிடும்போது இரு கைகளையும் தூக்கியது போல விரிந்தது என்றால் அது உவமை. 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி ‘லிஃப்ட் போல’ மேலேறுகிறது என்றாலோ, அது செங்குத்தாக உயரும் லிஃப்ட் பாலமே ஆதலால், உவமைக்கு அங்கே வேலையில்லை.

மிகுந்த கவனம் வேண்டியது மீனிடம்தான். கயல்விழி என்று நாம் பெண்ணுக்குப் பெயரே வைக்கிறோம். ‘ஐஸ் லைக் எ ஃபிஷ்’ என்றால் ஆங்கிலம் படிப்பவர் உணர்ச்சியற்று வெறித்த கண்ணையே நினைப்பார். ‘ஸ்விம்ஸ் லைக் எ ஃபிஷ்’ பாராட்டு. ‘டிரிங்க்ஸ் லைக் எ ஃபிஷ்’ என்பதோ மொடாக்குடியரைக் குறிக்கும். தண்ணீர் நிறையக் குடிக்கும் தம்பியைப் பற்றி ஒரு பையன் இப்படி எழுதியதைப் படித்து நான் சிரித்ததுண்டு. ‘ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்’ நம் ‘தரையில் விழுந்த மீன்’ அன்று. நம் மீன் உயிருக்குத் துடிக்கும், அவர்கள் மீன் பழகாத இடத்தில் தடுமாறி நிற்கும். சாவு வீட்டுத் துயரத்தை எழுதும்போது அதைப் போடலாகாது.

தேனீயின் சுறுசுறுப்பையே எல்லாரும் எழுதிச் சலித்தாயிற்று. பாக் விரிகுடாவை இங்கே பெண்கடல் என்பார்கள். அது ‘லைக் எ பாம்-லீஃப் மேட்’, விரித்த ஓலைப்பாய் போலக் கிடந்தது என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். ‘மேட்’டுக்கு முன்னால் அவள் சேர்த்திருந்த ‘வெரி பியூட்டிஃபுல்’ என்னும் இரண்டு சொற்களை மட்டும் அடித்தேன்.