டெம்ப்ளேட்டில் பொருத்துவதற்கு முன் ஆரிஜினைச் சரிசெய்யுங்கள்

எஃப்.எம்.ஆர்.ஐ (மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் ஸ்கேன்) தரவு கைக்கு வந்ததும், அதை அலசும் எஸ்.பி.எம் மென்பொருளில் எல்லாக் கட்டங்களையும் கோத்து ஒரே மூச்சில் ஓடவிடத் தோன்றும். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருமுறை 20 பேரின் சராசரிப் படத்தில் நெற்றிப் பக்க விளிம்பு மட்டும் மங்கலாக இருந்தது. இரண்டு நாள் தேடிய பிறகுதான் தெரிந்தது: ஒருவர் மோவாயை நன்றாகத் தாழ்த்திப் படுத்திருந்திருக்கிறார், அவருடைய மூளை, எல்லோரையும் பொருத்தும் பொது மாதிரி மூளையான டெம்ப்ளேட்டில் கோணலாக உட்கார்ந்துவிட்டது. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொருவருடைய டி1 படத்தையும் (மூளையின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும் ஸ்கேன்) திறந்து பார்க்காமல் எதையும் ஓட்டுவதில்லை.

பொருத்தும் நிரல், படம் இப்போது இருக்கும் இடத்திலிருந்துதான் தேடத் தொடங்கும். தொடக்கமே தள்ளியிருந்தால் பக்கத்தில் கிடைத்த தப்பான பொருத்தத்தோடு நின்றுவிடும். அதனால் ஆரிஜினை, அதாவது ஆயங்களின் 0, 0, 0 புள்ளியை, முன் கமிஷரில் (மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்பிழைக் கட்டு) வையுங்கள். எஸ்.பி.எம்-இன் டிஸ்ப்ளேயில் டி1-ஐத் திறந்து, நடுக்கோட்டுப் பக்கவாட்டு வெட்டுக்கு வாருங்கள். ஃபோர்னிக்ஸ் என்ற வில் போன்ற நரம்பிழைக் கட்டு வளைந்து கீழே இறங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும். அதையே கிடைமட்ட வெட்டில் பார்த்தால் இரு பாதிகளையும் இணைக்கும் மெல்லிய வெள்ளைக் கயிறு போல இருக்கும். அங்கே கிளிக் செய்து ஆரிஜினை அமையுங்கள். தலை குனிந்தோ நிமிர்ந்தோ இருந்தால் பிட்ச் (முன்பின் சாய்வு) கட்டத்தில் 0.1 போட்டுப் பாருங்கள். அது ரேடியன், கிட்டத்தட்ட 5.7 டிகிரி. திசை தப்பினால் மைனஸ் போடுங்கள். முன், பின் கமிஷர்கள் ஒரே மட்டத்துக்கு வந்தால் போதும், இம்மி பிசகாமல் வேண்டியதில்லை.

அப்புறம் ரீஓரியண்ட், அதாவது இந்த மாற்றத்தைப் படக் கோப்புகளில் பதிப்பது. இங்கே டி1-ஐ மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அதே அமர்வில் எடுத்த எஃப்.எம்.ஆர்.ஐ படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். மாறுவது ஹெடர் (படத்தின் இடத்தையும் திசையையும் சொல்லும் கோப்புத் தலைப்பு) மட்டும்தான், வோக்சல் (படத்தின் முப்பரிமாணப் புள்ளி) மதிப்புகள் அப்படியே இருக்கும்.

இடம் வலம் மாறியிருந்தால் கண்ணால் கண்டுபிடிப்பது மிகவும் கடினம், மூளை அவ்வளவு சமச்சீராக இருக்கிறது. ஸ்கேன் எடுக்கும்போதே வலது நெற்றிப்பொட்டில் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை ஒட்டிவிடுங்கள், படத்தில் பளிச்சென்று தெரியும்.

இதற்குப் பிறகு வேலை ஓடும். ரீஅலைன் தலை அசைவைச் சரிசெய்து ஒரு சராசரிப் படம் தரும். அசைவு வரைபடத்தில் ஒரு வோக்சல் அளவுக்கு மேல் திடீர்த் தாவல் இருந்தால் அவரைத் தனியாகக் குறித்துவையுங்கள். சராசரிப் படத்தை ரெஃபரன்ஸாகவும் டி1-ஐ சோர்ஸாகவும் கொடுத்து கோரெஜிஸ்டர் செய்யுங்கள், டி1 சராசரிப் படத்தோடு பொருந்திக்கொள்ளும்.

செக் ரெஜ் என்ற ஒப்பிடும் திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கண்ணுக்கு மேலேயும் காதுக்குப் பக்கத்திலும் எஃப்.எம்.ஆர்.ஐ படம் மறைந்து கிடக்கும். அங்கிருக்கும் காற்றறைகள் காந்தப்புலத்தைக் கலைப்பதால் சிக்னல் போய்விடுகிறது. அதைப் பொருத்தக் கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டி நாளை வீணாக்காதீர்கள். வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறை) விளிம்பையும் சிறுமூளையின் மேல்கோட்டையும் பாருங்கள். அந்த இரண்டும் ஒத்துப்போனால் சரி.

அடுத்து டி1-ஐ செக்மென்ட் செய்தால் (திசு வகைகளாகப் பிரித்தால்) கிடைக்கும் உருமாற்றக் கோப்பை எஃப்.எம்.ஆர்.ஐ படங்களுக்கும் கொடுத்து நார்மலைஸ் செய்யுங்கள், அதாவது டெம்ப்ளேட்டின் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். 3 மி.மீ. வோக்சலில் எடுத்ததை நான் 3 மி.மீ.-இலேயே எழுதுவேன். 2 என்று வைத்தால் கோப்பு மூன்று மடங்குக்கு மேல் பெருக்கும், புதிய தகவல் ஒன்றும் வராது. முகமூடிக் கோப்புகளுக்கு (ஒரு பகுதியை 1, மற்றதை 0 என்று குறிப்பவை) மட்டும் இன்டர்போலேஷனை (இடைமதிப்புக் கணக்கை) நியரஸ்ட் நெய்பர் ஆக்குங்கள், இல்லாவிட்டால் 0, 1 இடையே பின்னங்கள் முளைக்கும். முடிவில் வரும் ஆயங்கள் எம்.என்.ஐ வெளி என்ற பொது ஆய முறையைச் சேர்ந்தவை, பலருடைய மூளைகளின் சராசரியில் உருவானது அது. பழைய மூளை வரைபடமான தலைராக் அட்லஸ் ஒரே பெண்ணின் மூளையை வைத்து வரைந்தது. எண்களை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிப் போடாதீர்கள்.

பக்கவாதம் வந்தவர்களின் படமென்றால் இன்னொரு வேலை உண்டு. நிரல் காயத்தையும் சாதாரணத் திசுவாக நினைத்துச் சுருக்கப் பார்க்கும். காயத்தின் எல்லையைக் கையால் வரைந்து, அந்தப் பகுதியைப் பொருத்தக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு ஓட்டுங்கள்.