இகுவானாவுக்குச் சீழ்ப் புண்ணா? மஞ்சள் டப்பாவை மூடி வையுங்கள்

வீட்டில் யாருக்குக் காயம் பட்டாலும் நம் கை முதலில் போவது அஞ்சறைப் பெட்டிக்குத்தான். மஞ்சள் தூள், தேங்காயெண்ணெய், அவசரத்துக்குக் காபித்தூள். இகுவானா என்ற பெரிய ஓணான் வகைப் பிராணியை வளர்க்கும் வீட்டிலும் இதேதான் நடக்கிறது. அது கூண்டுக் கம்பியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். யாராவது மஞ்சளைக் குழைத்து அப்பிவிடுவார்கள். மறுநாள் பார்த்தால் எல்லாமே மஞ்சள். அடியில் தோல் சிவந்திருக்கிறதா, கறுத்துவிட்டதா, நீர் கசிகிறதா, எதுவும் தெரியாது. எண்ணெயும் சேர்ந்திருந்தால் கூண்டுத் தூசியும் எச்சமும் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய தவறு, சீழ் பழுத்துத் தானாக வடியட்டும் என்று காத்திருப்பது. நமக்கும் நாய்க்கும் சீழ் நீராக இருக்கும், உடைந்தால் வெளியே வந்துவிடும். ஊர்வனவற்றின் வெள்ளை அணுக்களில் சீழைக் கரைக்கும் நொதிகள் போதுமான அளவு இல்லை. அதனால் அது பனீர்த் துண்டு மாதிரி கெட்டியாகி, சுற்றி ஒரு உறை கட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிடும். வெந்நீர் ஒத்தடத்துக்கும் பத்துப் போடுவதற்கும் அது அசையாது. விரலால் பிதுக்கினால் உறை உள்ளுக்குள் கிழிந்து கிருமி பக்கத்துச் சதைக்குப் பரவும். மருத்துவர் கீறி, உறையோடு சேர்த்து எடுத்துக் கழுவ வேண்டிய விஷயம் இது. தாடையில் ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி கட்டி இருந்தால் பெரும்பாலும் சீழ்க்கட்டி. இரண்டு பக்கமும் ஒன்றுபோல வீங்கியிருந்தால் கால்சியம் குறைபாட்டால் வரும் எலும்பு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு, எக்ஸ்ரே எடுத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

அடுத்தது வெப்பம். ஊசி, களிம்பு எல்லாம் சரியாகப் போட்டும் புண் ஆறவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கூண்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்பதைத்தான். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் மரக்கிளையில் வெயில் காய்ந்து வாழும் விலங்கு இது. உடம்பு சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். சூடு குறைந்தால் செரிமானம் மந்தமாகும், நோய் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும், மருந்தும் சரியாக வேலை செய்யாது. வெயில் காயும் இடத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கூண்டின் மறுமுனை 27 டிகிரி அளவில் இருந்தால்தான் சூடு போதுமென்றால் அது நகர்ந்துகொள்ள முடியும். இரவு ஏசி ஓடும் அறையில் கூண்டை வைத்துவிட்டுப் புண்ணை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. அதற்காக சூடேறும் செயற்கைக் கல்லை வாங்கி வைத்துவிடாதீர்கள். வயிற்றுக்கடியில் சுடுவதை இகுவானா சரியாக உணராது. பொசுங்கும்வரை அதிலேயே படுத்திருக்கும். புண்களில் கணிசமானவை இந்தக் கல்லிலும் மூடி போடாத பல்பிலும் பிறந்தவைதான். விளக்கு மேலே, எட்டாத உயரத்தில், வலைக் கூண்டுக்குள் இருக்கட்டும்.

சுத்தம் செய்வதில் வேகம் காட்டுகிறவர்கள் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்தால் கிருமி சாகிறது என்று ஒரு திருப்தி. அது புதிதாக வளரும் திசுவையும் சேர்த்துக் கொல்லும். ஸ்பிரிட்டும் டெட்டாலும் திறந்த புண்ணுக்கு ஆகாது. மெடிக்கலில் கிடைக்கும் நார்மல் சலைனை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து மெதுவாகப் பீய்ச்சிக் கழுவலாம். போவிடோன் அயோடின் போடுவதென்றால் பாட்டிலிலிருந்து அப்படியே ஊற்றாமல், பால் கலக்காத லேசான டீ நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து போடுங்கள். இதெல்லாம் மருத்துவரிடம் போகும்வரைக்கான முதலுதவி மட்டும்தான்.

அப்புறம் களிம்பு. நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் தோல் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பு குறைந்த மாதிரி தெரியும், உள்ளே கிருமிக்குக் கதவு திறந்துவிடும். மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த களிம்பும் வேண்டாம். மிச்சமிருக்கும் மனித ஆன்டிபயாடிக்கைப் பொடித்து வாயில் போடுவது இன்னும் மோசம். இலை தழையைக் குடலில் உள்ள நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவைத்துச் செரிக்கும் பிராணிக்கு அந்த நுண்ணுயிர்களே அழிந்தால் சாப்பாடே இறங்காது. மருத்துவர் மூன்று நாளைக்கு ஒரு ஊசி என்று எழுதினால் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். இவற்றின் உடம்பில் சில மருந்துகள் அவ்வளவு மெதுவாகத்தான் வெளியேறும். வீட்டில் ஊசி போடச் சொன்னால் எங்கே போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உடம்பின் முன்பாதியில்தான் போடுவார்கள், காரணம் பின்பாதி ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடியது.

புண் ஆறட்டும் என்று முட்டையும் கறியும் ஊட்டுவது பாசத்தில் செய்யும் தவறு. இகுவானா சைவம். விலங்குப் புரதம் சேரச் சேர சிறுநீரகம் கெடும். முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், பூசணி போதும். பாலக் தினமும் வேண்டாம்.

மரத்தூளையும் தேங்காய் நாரையும் கூண்டிலிருந்து எடுத்துவிட்டுச் செய்தித்தாள் விரியுங்கள், தினமும் மாற்றுங்கள். தொட்டிக் குளியலை நிறுத்துங்கள், தண்ணீரைக் கண்டதும் அதிலேயே எச்சமிடும் பழக்கம் இதற்கு உண்டு. பால்கனியில் விட்டால் ஈ உட்காரும், நம் ஊர் வெயிலில் புழு வைக்க அதிக நேரம் ஆகாது. புண்ணைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள், சமையலறை சிங்கில் எதையும் அலசாதீர்கள். வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் இகுவானாவின் குடலிலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது ஆபத்து.

வாலைப் பற்றி ஒன்று. பல்லி மாதிரி முளைத்துவிடும் என்று நுனி கறுத்து வறண்டாலும் விட்டுவிடுகிறார்கள். சுத்தமாக ஒடிந்த வால்தான் முளைக்கும். அழுகல் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். கறுப்பு எங்கே முடிகிறதோ அங்கே தேதி போட்டு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த நாள் அது நகர்ந்திருந்தால் வண்டியை எடுக்க வேண்டியதுதான். வயிற்றுத் தோலில் செந்நிறமோ ஊதாவோ படர்ந்தாலும், பூனையோ நாயோ கடித்திருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். பதிவு இல்லையே, கேள்வி கேட்பார்களே என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இகுவானா போன்ற வெளிநாட்டு விலங்கை வளர்ப்பவர்கள் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டியது உண்மைதான். அதைத் தனியாக முடியுங்கள், கட்டி அதுவரை காத்திருக்காது. ஆனால் எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வன பார்ப்பதில்லை, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

தையல் போட்டிருந்தால் பத்து நாளில் பிரிக்கச் சொல்லி நிற்காதீர்கள். இதன் தோல் கூடுவதற்கு ஆறு வாரம் கூட ஆகும். பொருக்கையும் நோண்டக் கூடாது, அடுத்தடுத்துச் சட்டை உரிக்கும்போது உரிந்த தோலோடு அதுவாகவே வந்துவிடும்.